கஷ்டம் என்ற ஒரே சொல்: தமிழ் வினாத்தாள் முடிந்த பிறகு மலையக மாணவர் பேசுவது எதைப் பற்றி?

இலங்கையில் பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் உயர்தரப் பரீட்சையின் தமிழ் வினாத்தாள் முடிந்து மாணவர்கள் வெளியே வரும் அந்த அரை மணித்தியாலத்தில், தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த மலையகத்தில் ஹட்டன் ஆனாலும் தலவாக்கலை ஆனாலும் பண்டாரவளை ஆனாலும், பஸ் தரிப்பிடத்தில் காதில் விழும் பேச்சு ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். "பேப்பர் சரியான கஷ்டம்" என்பார் ஒருவர். "சேர் குடுத்த குறிப்புல இருந்து ஒண்ணுமே வரல" என்பார் இன்னொருவர். கடைசி வினாவுக்கு நேரம் போதவில்லை என்று மூன்றாமவர் சொல்லி முடிப்பதற்குள், அந்த வினாவே எழுதத் தேவையற்றது, ஐந்தில் நான்கைத்தான் செய்யச் சொல்லியிருந்தார்கள் என்று நான்காமவர் குண்டு போடுவார். சில வருடங்களுக்கு முன் ஒரு மாணவி தன் தோழியிடம் சொன்னது மட்டும் எனக்கு மறக்கவில்லை: "முழுப்பேர் இல்லடி. அரைப்பேருதான் விழும்."

தோட்டத்துப் பேச்சு தெரியாதவர்களுக்கு இதைச் சற்று விளக்க வேண்டும். தேயிலை மலையில் ஒரு நாள் வேலை பதியப்படுவதைப் 'பேர் போடுதல்' என்பார்கள். நிர்ணயித்த கிலோ அளவுக்குக் கொழுந்து பறித்துக் கொடுத்தால் முழுப்பேர். குறைந்தால் அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம். காலையிலிருந்து மாலைவரை மழையில் நின்றிருந்தாலும் தராசு காட்டுவதுதான் கணக்கு. அந்த மாணவி பரீட்சையைத் தன் தாயின் வேலையோடு வைத்துப் பார்த்தாள். உழைத்தது முழு நாள், எண்ணப்படப் போவது பாதி என்பதே அவளுடைய முறைப்பாடு. இலக்கிய நயம் எழுதும் பாடத்தில் அவள் அன்று எழுதிய எந்த வரியும் இதைவிட நன்றாக இருந்திருக்காது என்பது என் எண்ணம். ஆனால் அதைத் திருத்துவதற்கு அங்கே பரீட்சகர் எவரும் இல்லை.

'கஷ்டம்' என்ற அந்த ஒரு சொல்லுக்குள் பலவகை முறைப்பாடுகள் அடைந்து கிடக்கின்றன. சில, மறுநாள் விடிந்ததும் கரைந்துபோகும். சில, மாணவரின் ஆயத்தத்தைப் பற்றியவை. உண்மையிலேயே வினாத்தாளைப் பற்றியவை அவற்றில் கொஞ்சம்தான். இன்னும் சில, மாணவர் எந்த மண்ணில் வளர்ந்தார் என்பதைப் பற்றியவை. அதிகம் பேசப்பட வேண்டியவை அவையே, ஆனால் அவற்றைத்தான் எவரும் பேசுவதில்லை.

முதலில் கரைந்துபோகிறவற்றைப் பார்ப்போம். பரீட்சை முடிந்த கையோடு மனதில் நிற்பது எழுதிய விடை அல்ல, எழுதாமல் விட்ட விடை. சரளமாக எழுதிய எட்டுப் பக்கங்களும் நினைவிலிருந்து நழுவிவிட, பொருள் தெரியாமல் பத்து நிமிடம் வெறித்துப் பார்த்திருந்த ஒரு செய்யுளடி மட்டும் பஸ்ஸில் கூடவே ஏறி வருகிறது. கணிதப் பரீட்சை என்றால் இருவரும் விடையை ஒப்பிட்டு, ஒன்றாக இருந்தால் ஆறுதல் அடையலாம். இலக்கியத்தில் அந்த ஆறுதலும் கிடைப்பதில்லை, ஏனெனில் இரண்டு நல்ல விடைகள் ஒன்றுக்கொன்று ஒத்திருக்க வேண்டும் என்ற கட்டாயமே அங்கு இல்லை. தோழி வேறு எதையோ எழுதியிருக்கிறாள் என்று கேட்ட மாத்திரத்தில், தான் எழுதியது பிழை என்று மாணவி முடிவு கட்டிவிடுகிறாள்.

ஒருமுறை முன்னோடிப் பரீட்சை ஒன்று முடிந்ததும் இரண்டு மாணவியர் ஆசிரியர் அறைக்கே வந்து சண்டை போட்டார்கள். திருக்குறளின் முதற் குறளில் அமைந்த அணியைக் கூறி விளக்குமாறு கேட்கப்பட்டிருந்தது. ஒருத்தி உவமையணி என்று எழுதியிருந்தாள். மற்றவள் எடுத்துக்காட்டு உவமையணி என்று எழுதியிருந்தாள். இரண்டாமவள் எழுதியதே சரி. 'அகழ்வாரைத் தாங்கும் நிலம்போல' என்ற குறளில் 'போல' என்னும் உவம உருபு வெளிப்பட நிற்பதால் அது உவமையணி. 'அகர முதல எழுத்தெல்லாம் ஆதி பகவன் முதற்றே உலகு' என்பதில் எழுத்துக்கு அகரம், உலகுக்கு ஆதிபகவன் என்று உவமையும் பொருளும் தனித்தனி வாக்கியங்களாக நிற்க, இடையில் வரவேண்டிய உருபு மறைந்துவிடுவதால் அது எடுத்துக்காட்டு உவமையணி. முதலாமவள் உடனே அழத் தொடங்கிவிட்டாள். ஆனால் அவளுடைய விடைத்தாளை எடுத்துப் பார்த்தபோது, அகரம் இல்லாமல் மற்ற எழுத்துகளின் ஒலிப்பு இல்லை, அது வெளியே தெரியாமல் எல்லாவற்றுக்குள்ளும் இயங்குகிறது, இறைவனை அதனோடு ஒப்பிட்ட பொருத்தம் அங்கேதான் இருக்கிறது என்று அரைப்பக்கத்துக்கு எழுதியிருந்தாள். அணியின் பெயரைச் சரியாகச் சொன்னவள், பெயரைச் சொன்னதோடு நிறுத்திக்கொண்டாள். பெயருக்கு உரிய புள்ளி சிறியது, விளக்கத்துக்கு உரியது பெரியது. அழுதவளுக்கே கூடுதல் புள்ளி கிடைத்தது.

இது ஏதோ தற்செயல் அல்ல. தம் திறமையைத் தாமே மதிப்பிடுவதில் மனிதர்கள் எவ்வளவு பிழைவிடுகிறார்கள் என்பதை, அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜஸ்டின் க்ரூகரும் டேவிட் டன்னிங்கும் 1999 இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. அவர்கள் நடத்திய சோதனைகளில் ஒன்று மொழி இலக்கணம் பற்றியது. அச்சோதனைகளில் மிகக் குறைந்த புள்ளி பெற்ற காற்பங்கினர், சராசரியாக நூற்றில் 12 பேரை மட்டுமே முந்தக்கூடிய நிலையில் இருந்தும், 62 பேரை முந்திவிட்டதாகத் தம்மைக் கணித்தார்கள். உச்சியில் இருந்தவர்களோ தம் இடத்தைக் குறைத்தே சொன்னார்கள். அந்த முடிவின் ஒரு பகுதி கணக்கிட்ட முறையால் தோன்றும் மாயை என்று பின்னர் விமர்சனங்கள் எழுந்தன. அந்த விவாதம் இன்னும் தீரவில்லை. ஆயினும், எந்த வகுப்பறையில் நின்று பார்த்தாலும் தெரியும் ஒன்று உண்டு: ஒரு செய்யுளுக்கு எத்தனை விதமாகப் பொருள் கொள்ளலாம் என்று அறிந்தவருக்குத்தான் தன் விடையின் போதாமை தெரிகிறது. "நல்லா செஞ்சிட்டேன் சேர்" என்று சிரித்துக்கொண்டே போகிறவரைப் பற்றியே எனக்குக் கவலை அதிகம்.

அடுத்தது, "குடுத்த குறிப்புல இருந்து வரல" என்ற முறைப்பாடு. இது வினாத்தாளைப் பற்றிய குற்றச்சாட்டுப் போல ஒலித்தாலும் உண்மையில் படித்த முறையைப் பற்றிய ஒப்புதல் வாக்குமூலம். நகரத்து டியூசன் வகுப்புகளிலும் பரீட்சைக்கு முந்திய கருத்தரங்குகளிலும் 'உத்தேச வினாக்கள்' என்ற பெயரில் கைமாறும் தாள்கள் மலையகத்திலும் உண்டு. ஒரு பாத்திரத்தின் பண்புகள் என்றால் ஆறு தலைப்புகள், ஒரு கவிதையின் நயம் என்றால் ஏழு தலைப்புகள் என்று தயாரித்துக் கொடுக்கப்பட்ட விடைகளை மாணவர் மனனம் செய்கிறார்கள். வினா சற்றே திரும்பி, 'இப்பாத்திரத்தின் பண்புகளை விளக்குக' என்பதற்குப் பதிலாக 'இப்பாத்திரத்தின் மீது வாசகருக்கு இரக்கம் தோன்றுமாறு ஆசிரியர் கையாண்ட உத்திகளை ஆராய்க' என்று வந்தால், பாடமாக்கிய ஆறு தலைப்புகளும் கையிலேயே தங்கிவிடுகின்றன. கஷ்டம் என்று அவர்கள் சொல்வது அந்தத் திருப்பத்தைத்தான்.

உத்தேச வினாக்களின் பிடி எவ்வளவு இறுக்கமானது என்பதை அரசின் நடவடிக்கையே காட்டும்: ஒவ்வோர் ஆண்டும் பரீட்சைக்குச் சில நாட்கள் முன்னதாக, குறித்த நள்ளிரவிலிருந்து டியூசன் வகுப்புகள், கருத்தரங்குகள், உத்தேச வினாத்தாள் விநியோகம் ஆகியவற்றைத் தடைசெய்து பரீட்சைகள் ஆணையாளர் அறிவிப்பு விடுக்கிறார், 1968 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்கப் பொதுப் பரீட்சைகள் சட்டம் அதற்குத் துணை நிற்கிறது. தடை வருவதற்கு முந்திய வாரங்களில் கருத்தரங்கு மண்டபங்கள் நிரம்பி வழிவதும் ஆண்டுதோறும் நடப்பதுதான்.

நேரம் போதவில்லை என்பதும் இதனோடு சேர்ந்தது. வினாத்தாளை வாசித்துப் பார்ப்பதற்கென்றே 10 நிமிட மேலதிக வாசிப்பு நேரம் இப்போது கொடுக்கப்படுகிறது. அந்தப் பத்து நிமிடத்தில் எந்த வினாக்களைத் தெரிவது, எந்த ஒழுங்கில் எழுதுவது என்று தீர்மானித்தால் பின்னால் அரை மணித்தியாலம் மிஞ்சும். நம் மாணவர்களில் பலர் அதனைப் பேனா திறக்க முடியாத பத்து நிமிடமாக மட்டுமே காண்கிறார்கள்.

இனி, எல்லோருக்கும் பொதுவாக வினாத்தாள் கடினமாக அமைந்துவிட்டால் என்ன நடக்கும் என்ற கேள்வி. இங்கேதான் மாணவரும் பெற்றோரும் அதிகம் கலங்குகிறார்கள். கலங்குவதற்கான காரணம் மிகக் குறைவாக இருப்பதும் இங்கேதான்.

விடைத்தாள் திருத்தும் பணி ஒருவர் தனியே அறையில் அமர்ந்து தன் விருப்பப்படி செய்வதல்ல. பிரதம பரீட்சகரின் கீழ் குழுக்களாக அமர்ந்தே திருத்துகிறார்கள். திருத்தத் தொடங்குமுன் புள்ளி வழங்கும் திட்டத்தை எல்லோரும் கூடி வாசித்து விவாதிக்கிறார்கள். மாணவர்கள் எதிர்பாராத, ஆனால் ஏற்கத்தக்க விடைகளை எழுதியிருந்தால் அவற்றுக்கும் அங்கே இடம் கிடைக்கிறது. மயக்கம் தரும் விதத்தில் அமைந்த ஒரு வினா, மாணவரின் தலையில் மட்டும் விழாமல் ஓரளவு அங்கே சரிக்கட்டப்படுகிறது. எந்த வினாவைப் பலர் தெரிந்தார்கள், எதில் தடுக்கி விழுந்தார்கள் என்பதை விளக்கிப் பரீட்சைத் திணைக்களம் பாடவாரியாக மதிப்பீட்டு அறிக்கைகளையும் வெளியிடுகிறது. ஆசிரியர்கள் அவற்றைத் தேடி வாசிப்பது அரிது. கடந்தகால வினாத்தாள்களுக்கு இருக்கும் கிராக்கி அவற்றுக்கு இல்லை.

பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிப்பது நேரடிப் புள்ளி அல்ல, இசட் புள்ளி. 2001 முதல் நடைமுறையில் உள்ள இந்த முறையில், மாணவர் பெற்ற புள்ளியிலிருந்து அந்தப் பாடத்துக்குத் தோற்றிய எல்லோருடைய சராசரியையும் கழித்து, வருவதை நியம விலகலால், அதாவது புள்ளிகள் சராசரியைச் சுற்றி எவ்வளவு பரவியிருக்கின்றன என்பதன் அளவால், வகுக்கிறார்கள். மூன்று பாடங்களுக்கும் இவ்வாறு பெற்றவற்றின் சராசரியே மாணவரின் இசட் புள்ளி. ஓர் உதாரணத்துக்கு, தமிழ்ப் பாடத்தின் சராசரி 52, நியம விலகல் 16 என்று வைத்துக்கொள்வோம். 60 புள்ளி எடுத்த மாணவிக்கு 8 ஐ 16 ஆல் வகுக்க 0.5 கிடைக்கும். அடுத்த ஆண்டு வினாத்தாள் படுகடினமாகி, நாடு முழுவதும் சராசரி 40 ஆகச் சரிந்து, அதே திறமையுள்ள மாணவி 48 மட்டுமே எடுத்தாலும், நியம விலகல் மாறாதிருந்தால் அவளுக்கும் 0.5 தான். பெறுபேற்றுத் தாளில் ஏ, பி, சி என்று வரும் எழுத்துகள் நேரடிப் புள்ளியைப் பார்ப்பதால் அங்கே அவளுடைய தரம் ஒருபடி இறங்கித் தெரியலாம். வீட்டில் அதற்காக ஏச்சும் விழலாம். ஆனால் அனுமதிக்கான வரிசையில் அவளுடைய இடம் அசையவில்லை. எல்லோருக்கும் ஒன்றாகப் பெய்த மழையில் எல்லோரும் ஒன்றாக நனைந்தார்கள், அவ்வளவுதான்.

ஆகவே, "பேப்பர் கஷ்டம்" என்று சொல்லி அழும் மாணவியிடம் கேட்க வேண்டிய கேள்வி, "எவ்வளவு கஷ்டம்?" என்பதல்ல. "யாருக்குக் கஷ்டம்?" என்பதே.

சில வருடங்களுக்கு முன் எங்கள் பாடசாலையில் நடந்த தவணைப் பரீட்சை ஒன்றுக்கு வெளியே தயாரிக்கப்பட்ட வினாத்தாள் வந்திருந்தது. அதில் வடபுலத்துக் கிராமம் ஒன்றை விவரிக்கும் உரைநடைப் பகுதியைக் கொடுத்து, அதன் நடைச் சிறப்பையும் அந்தக் கிராமத்தவர் வாழ்வு புலப்படும் விதத்தையும் கேட்டிருந்தார்கள். பகுதியில் ஒரு வரி, கிழவர் ஒருவர் கதியால் போட்டு வேலியை அடைத்ததைச் சொன்னது. நன்றாகப் படிக்கும் ஒரு மாணவி அதற்கு எழுதிய விளக்கம் இப்படிப் போனது: தனக்கு நேர்ந்த கதியால் மனமுடைந்த முதியவர், உலகத்திடமிருந்து தம்மைப் பிரித்துக்கொள்ள வேலியை அடைத்துக்கொள்கிறார், வேலி இங்கு அவருடைய தனிமைக்குக் குறியீடாகிறது. இலக்கணப்படி அவள் செய்ததில் குற்றமில்லை. 'கதி' என்ற பெயரும் 'ஆல்' என்ற மூன்றாம் வேற்றுமை உருபும் சேர்ந்தால் 'கதியால்' தான். நயங்காணும் கண்ணும் அவளுக்கு இருந்தது. குறியீடு என்ற கருத்தை எடுத்து அழகாக வளர்த்திருந்தாள். அவளுக்கு இல்லாமற்போனது ஒன்றே ஒன்று: வேலிக்கு நடும் உயிர்த்தடிக்கு யாழ்ப்பாணத்தில் கதியால் என்று பெயர் என்ற செய்தி. வேலி என்ற ஒன்றே இல்லாத, ஒரே கூரையின் கீழ் வரிசையாக அறைகள் நிற்கும் லயத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு அது எப்படித் தெரியும்?

கதியால், வடலி, துலா, கிடுகு, கமம் என்று அந்தச் சொற்களின் பட்டியல் நீளும். அவை தமிழுக்கு அழகு சேர்ப்பவை, பாடத்தில் இருக்க வேண்டியவை. அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அதே அளவுக்கு உயிருள்ள பெரட்டு, கவ்வாத்து, கொந்தரப்பு, பீலிக்கரை ஆகிய சொற்களைக் கொண்ட ஒரு பகுதி வினாத்தாளில் வந்தால், பருத்தித்துறை மாணவரும் இதேபோலத் திணறுவார். கவ்வாத்து வெட்டிய மலை என்றால் தேயிலைச் செடிகளின் கிளைகளைக் கழித்துவிட்ட மலை என்பது மஸ்கெலியாவில் ஆறு வயதுப் பிள்ளைக்கும் தெரியும். அருஞ்சொற்களுக்கு அடியில் ஒரு வரிப் பொருள் கொடுத்துவிட்டால் இரு பக்கத்துப் பிள்ளைகளும் தப்புவார்கள். அது பெரிய சீர்திருத்தம் ஒன்றும் அல்ல. வினாத்தாளில் இரண்டங்குல இடம் போதும்.

இசட் புள்ளிக் கணக்கை மீண்டும் எடுத்துப் பார்த்தால் இதன் கனம் விளங்கும். இப்படியொரு பகுதி பொதுப் பரீட்சையில் வந்து, நாட்டின் மற்றப் பகுதி மாணவருக்கு எளிதாக இருந்து, மலையக மாணவருக்கு மட்டும் நான்கு புள்ளி குறைந்தது என்று கொள்வோம். தோற்றியவர்களில் காற்பங்கினர் மலையக மாணவர் என்று வைத்தாலும், சராசரி 52 இலிருந்து 51 ஆகத்தான் இறங்கும். நம் மாணவியின் 60 புள்ளி 56 ஆகும். 5 ஐ 16 ஆல் வகுத்தால் ஏறத்தாழ 0.31. பல்கலைக்கழக வெட்டுப்புள்ளிகள் நான்கு தசம தானம் வரை எழுதப்பட்டு, நான்காவது தானத்தில் ஒருவர் உள்ளேயும் மற்றவர் வெளியேயும் நிற்கிறார்கள். அங்கே 0.5 க்கும் 0.31 க்கும் இடையே எத்தனை பேர் நிற்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை. எல்லோர் மீதும் விழுந்த கஷ்டத்தை இந்த முறை துடைத்துவிடுகிறது; ஒரு பகுதியார் மீது மட்டும் விழுந்ததை அப்படியே வைத்திருக்கிறது.

இந்தப் பாடத்துக்கு இவ்வளவு மலையக மாணவர் தோற்றுவதே ஒரு தனிக் கதை. தோட்டப் பாடசாலைகள் நெடுங்காலம் தோட்ட நிர்வாகங்களின் கையிலே, ஒற்றை ஆசிரியரும் ஒற்றை மண்டபமுமாகக் கிடந்தன. 1972 இலும் 1975 இலும் காணிச் சீர்திருத்தத்தின் கீழ் தோட்டங்கள் அரசுடைமையான பின்னர், 1970களின் பிற்பகுதியிலிருந்து படிப்படியாகவே அவை அரசின் பாடசாலை அமைப்புக்குள் வந்தன. பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி எழுந்து இங்கிருந்தே ஆசிரியர்கள் உருவானது நிலைமையை வெகுவாக மாற்றியது. இருந்தும், விஞ்ஞானப் பிரிவு உள்ள 1ஏபி வகைப் பாடசாலைகள் தமிழ்மொழிமூலத்தில் இங்கு குறைவு. பிள்ளைக்கு எட்டும் தூரத்தில் இருப்பது 1சி வகைப் பாடசாலை என்றால், உயர்தரத்தில் கிடைப்பது கலையும் வர்த்தகமும் மட்டுமே. கலைப்பிரிவில் ஆசிரியர் இருக்கும் பாடங்கள் பெரும்பாலும் தமிழ், இந்துநாகரிகம், புவியியல், அரசியல் போன்றவை. "ஏன் தமிழ் எடுத்தாய்?" என்று கேட்டால், பிடிக்கும் என்று சொல்பவர்களும் உண்டு, "வேற என்ன சேர் இருந்திச்சி?" என்று திருப்பிக் கேட்பவர்களும் உண்டு. இலக்கியத்தை விரும்பி வந்தவருக்குக் கடினமான வினா ஒரு சவால். வேறு வழியின்றி வந்தவருக்கு அது ஓர் அவமதிப்பு. வெளியே வந்து இருவரும் சொல்வது "கஷ்டம்" என்றாலும், சொல்லும் குரல் வேறு.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. மலையக மாணவரிடம் இலக்கியத்துக்கான முதல் இல்லை என்பது பொய். ஐந்திணை பாடத்தில் குறிஞ்சியின் முதற்பொருளையும் கருப்பொருளையும் உரிப்பொருளையும் நாங்கள் கரும்பலகையில் எழுதிப் போடும்போது, மாணவர் அதைத் தூரத்து நாட்டுச் செய்தியாகப் பிரதி பண்ணுகிறார்கள். மலையும் மலை சார்ந்த இடமும் குறிஞ்சி. அதன் பெரும்பொழுது கூதிரும் முன்பனியும். அதன் சிறுபொழுது யாமம். யன்னலுக்கு வெளியே மூடுபனி ஏறிக்கொண்டிருக்கும் வகுப்பறையில் இதைவிட வேறென்ன விளக்கம் வேண்டும்? ஹோர்ட்டன் சமவெளியில் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை கூட்டமாகப் பூக்கும் நெலு, குறிஞ்சிச் செடியின் அதே பேரினத்தைச் சேர்ந்தது. நுவரெலியா மாவட்டத்துப் பிள்ளைக்கு அது சொந்த ஊர்ப் பூ. ஆனால் பாடக்குறிப்பில் அந்தச் செய்தி இல்லாததால் விடைத்தாளிலும் வருவதில்லை.

மாசி மாதத்தில் காமன் கூத்துக்கு விழித்திருந்து, மன்மதன் எரிந்தபின் ரதி புலம்பும் புலம்பலைக் கேட்டு வளர்ந்த மாணவருக்கு அவலச்சுவையை விளக்க எந்த உத்தேச விடையும் தேவையில்லை. அர்ச்சுனன் தபசில் உயர்ந்த மரத்தில் கூத்தர் ஏறுவதைக் கண்ணால் பார்த்தவருக்குப் பாரதக் கதைமாந்தர் அந்நியர் அல்லர். அப்படி இருந்தும், அவலச்சுவை பற்றி எழுதச் சொன்னால் டியூசன் குறிப்பின் மூன்று வரிகளையே எழுதிவிட்டு வருகிறார்கள். "காமன் கூத்தப் பத்தி எழுதலாமா சேர்? புள்ளி வெட்ட மாட்டாங்களா?" என்று ஒரு மாணவன் பரீட்சை முடிந்த பிறகு கேட்டான். பரீட்சைக்கு முன்னரே அவன் அதைக் கேட்டிருக்கலாம் என்று சொல்வதற்கு எனக்கு வாய் வரவில்லை. அதைக் கேட்கக்கூடிய வகுப்பறையை நான் அவனுக்கு அமைத்துக் கொடுக்கவில்லை.

வினாத்தாளுக்குச் சற்றும் தொடர்பில்லாத கஷ்டங்களையும் மாணவர் அதன் தலையிலேயே கட்டுகிறார்கள். கொள்ளை நோய்க் காலத்துக்குப் பின் தள்ளிப்போன உயர்தரப் பரீட்சைகளில் இரண்டு 2023 இலும் 2024 இலும் ஜனவரியில் நடந்தன. ஜனவரியில் நுவரெலியாப் பக்கம் உறைபனி விழும் காலம். காலையில் விரல் விறைத்து எழுத்து கோணும். உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடேற்றிய நிமிடங்கள் எந்தக் கணக்கிலும் வராது. பரீட்சை நவம்பருக்குத் திரும்பியதும் மழை பிடித்துக்கொண்டது. 2024 நவம்பர் இறுதியில் சீரற்ற காலநிலையால் பரீட்சை சில நாட்கள் நிறுத்தப்பட்டது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மண்சரிவுகள் மலையகத்தைப் பிளந்தபோது, நடந்துகொண்டிருந்த உயர்தரப் பரீட்சையின் எஞ்சிய வினாத்தாள்கள் அடுத்த ஆண்டுக்கே தள்ளிப்போயின. சாதாரண நாளில்கூட, தோட்டத்திலிருந்து நடந்து இறங்கி, பெருந்தெருவில் பஸ்ஸுக்குக் காத்து நின்று, நனைந்த சப்பாத்தோடு மண்டபத்துக்குள் நுழையும் மாணவர் ஏற்கெனவே ஒரு வேலை முடித்துவிட்டு வந்தவர்தான்.

வீட்டுக்குப் போனதும் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான். கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு அம்மா கேட்பார்: "எப்புடி எழுதுன புள்ள?" பதிலும் எப்போதும் ஒன்றுதான்: "ஏதோ எழுதியிருக்கேம்மா." பஸ் தரிப்பிடத்தில் அவ்வளவு விரிவாகப் பேசியவள் இங்கே இரண்டு சொல்லில் முடித்துவிடுகிறாள். நல்லது என்றால் நம்பிக்கை ஏறிவிடும், கஷ்டம் என்றால் அம்மாவுக்கு இரவு நித்திரை போய்விடும் என்று அவளுக்குத் தெரியும். பெறுபேறு வரப் பல மாதம் செல்லும். பெறுபேற்றில் ஐயம் இருந்தால் மீள்பரிசீலனைக்கு விண்ணப்பிக்கலாம். பல்கலைக்கழக அனுமதிக்காக மூன்று தடவைகள் வரை தோற்றலாம். மறுபடியும் ஒரு வருடம் வீட்டில் இருந்து படிக்க வசதி இல்லாத பிள்ளைக்கு, அந்த மூன்று என்ற எண் காகிதத்தில்தான் இருக்கிறது.

'கதியால்' விடையைத் திருத்திய அன்று எனக்கு ஒரு யோசனை தோன்றியது. ஒவ்வொரு பரீட்சை முடிந்த மறுநாளும் மாணவர்கள் 'கஷ்டம்' என்ற சொல்லைப் பயன்படுத்தாமல், தமக்கு எந்தச் சொல், எந்த வரி, எந்த நிமிடம் தடையாக இருந்தது என்பதை ஒரு கொப்பியில் எழுத வேண்டும் என்று வைத்தேன். முதல் தடவை பாதிப் பேர் வெற்றுத்தாளைக் கொடுத்தார்கள். கஷ்டம் என்று எழுதக் கூடாது என்றதும் அவர்களுக்கு எழுத ஒன்றும் இருக்கவில்லை. போகப்போகப் பக்கங்கள் நிரம்பின. வினாவில் 'ஆராய்க' என்பதற்கும் 'விளக்குக' என்பதற்கும் வேறுபாடு தெரியவில்லை என்று ஒருவன் எழுதினான். மூன்றாவது வினாவை இருமுறை வாசித்ததில் ஏழு நிமிடம் போய்விட்டது என்று இன்னொருத்தி கணக்குக் கொடுத்தாள். கதியால் மாணவியின் கொப்பியை இன்னும் வைத்திருக்கிறேன். அதில் அவளுடைய கடைசிப் பதிவு, பாடசாலையை விட்டுப் போகுமுன் எழுதியது: "வடலி என்றால் சின்னப் பனை என்று சேர் சொன்னார். பனை எவ்வளவு உயரம் என்று கேட்க மறந்துவிட்டேன். நான் பார்த்ததில்லை."